வாய் உண்டு, காது இல்லை

இந்தப் பக்கத்தை வாசிக்கத் தொடங்குமுன் ஒரு தரம் எழும்பிப் போய், உங்கள் வீட்டு ரீவிக்கு முன்னால் எத்தனை ரிமோட் கிடக்கின்றன என்று எண்ணிவிட்டு வாருங்கள்.

என் ராத்தா வீட்டில் ஐந்து இருந்தன. ரீவிக்கு ஒன்று. டிஷ் பெட்டிக்கு ஒன்று. டிஸ்க் பிளேயருக்கு ஒன்று. ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு பெரிய பாஸ் பெட்டியையும் இழுக்கும் எம்ப்ளிஃபயருக்கு ஒன்று. இன்டர்நெட்டில் படம் பார்ப்பதற்காக ரீவியின் பின்னால் செருகியிருக்கும் விரல் நீளக் குச்சிக்கு ஒன்று. ஐந்தும் கறுப்பு நிறம். டோஹாவில் வேலை பார்க்கும் அவரது மூத்த மகன் லீவில் வந்தபோது ஆசை ஆசையாக வாங்கிப் பூட்டிய ஹோம் தியேட்டர் அது. இரண்டு நாள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் வாரம் விமானம் ஏறிவிட்டார்.

அதன் பிறகு ஒரு நாள் மாலை நான் போனபோது ராத்தாவின் மாமி செற்றியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் சுவரளவு ரீவி, இருட்டாக. எழுபத்தைந்து வயது தாண்டியவர். பகல் முழுவதும் வீட்டில் தனியே இருப்பவர். இரவு எட்டு மணிச் செய்தியைத் தவற விடாதவர்.

“என்ன மாமி, ரீவி போடல்லையா?”

“எனக்கு அது ஏலாது மகள். எதையாச்சும் அமத்தி உடஞ்சி போனா? புள்ள கஷ்டப்பட்டு ஒழச்ச சல்லி.”

பழைய ரீவியில் ஒரு சுவிட்ச், ஒரு பொத்தான். புதியதில் செய்தி பார்க்க மூன்று ரிமோட்டை வரிசையாக எடுக்க வேண்டும். ராத்தாவுக்கும் அந்த வரிசை பிடிபடவில்லை. மகனுக்கு வீடியோ கோல் எடுத்து, ரீவியைப் போனில் காட்டி, “அதில்ல உம்மா, மத்தக் கறுப்பு” என்று அவர் சொல்லச் சொல்ல அழுத்துவாராம். இங்கே எட்டு மணி என்றால் அங்கே ஐந்தரை. அவர் வேலைத்தளத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும் நேரம். ஒவ்வொரு நாளும் எடுக்க முடியுமா? ஒரு மாதமாக அந்த வீட்டில் செய்தி இல்லை. வீட்டுக்கென்று வாங்கிய பொருளின் சாவி, கடல் கடந்து ஒருவரின் தலைக்குள் இருந்தது.

சரி, எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட் வாங்கி நானே பழக்கி வைக்கிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். கடைகளில் யுனிவர்சல் ரிமோட் என்று கேட்டால் தருவார்கள். இது ஆண்பிள்ளைகள் வேலை என்று ஒதுங்க வேண்டாம். தையல் மெஷினில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு இது பெரிய காரியமே அல்ல. இரண்டிலும் வித்தை ஒன்றுதான்: வரிசை பிசகக் கூடாது.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்துதான் விஷயமே விளங்கியது.

முதல் நாள், ஒரே பொத்தானுக்குள் மூன்று கட்டளைகளை அடைத்து வைத்தேன். ரீவியின் பவர், எம்ப்ளிஃபயரின் பவர், டிஷ் பெட்டியின் பவர். அழுத்தினேன், மூன்றும் எரிந்தன. எல்லோருக்கும் சந்தோஷம். படுக்கும்போது பேரப்பிள்ளை ரீவியையும் எம்ப்ளிஃபயரையும் மட்டும் கையால் அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். டிஷ் பெட்டி எரிந்தபடியே இருந்திருக்கிறது. மறுநாள் மாமி பொத்தானை அழுத்தினார். ரீவி எரிந்தது, எம்ப்ளிஃபயர் எரிந்தது, டிஷ் பெட்டி அணைந்தது. திரையில் படம் இல்லை. மறுபடி அழுத்தினார். ரீவியும் எம்ப்ளிஃபயரும் அணைந்தன, பெட்டி எரிந்தது. மூன்றாம் தரமும் அழுத்தினாராம். எத்தனை தரம் அழுத்தினாலும் ஒன்றாவது தூங்கிக்கொண்டே இருந்தது. ரிமோட்டைக் குஷனுக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

பிழை மாமியுடையது அல்ல, என்னுடையது. ரிமோட்டுக்கு வாய் உண்டு, காது இல்லை. இதை மறந்து வரிசை போட்டது என் அவசரம்.

ரிமோட்டின் தலையில் மிளகளவு ஒரு சிறிய விளக்கு இருக்கிறது பாருங்கள். அது விடும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் செங்கீழ்க் கதிர் என்று இருக்கும். பொத்தானை அழுத்தும்போது அந்த விளக்கு வினாடிக்குச் சுமார் 38,000 தடவை மினுங்குகிற வேகத்தில், விட்டு விட்டு ஒரு சங்கேதச் சொல்லைச் சொல்கிறது. பிலிப்ஸ் கம்பனியின் பழைய முறையில் அது 36,000, சோனியின் முறையில் 40,000. ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு பாஷை. சொல்லிவிட்டு ரிமோட் சும்மா இருந்துவிடும். ரீவி கேட்டதா, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததா, இடையில் யாராவது நின்றார்களா, ஒன்றும் அதற்குத் தெரியாது.

ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். அமெரிக்காவின் செனித் கம்பனி 1956இல் விற்ற ரிமோட்டில் பற்றரியே இல்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் அலுமினியக் குச்சியில் தட்டும். அந்த ஒலி மனிதக் காதுக்குக் கேட்காது, ரீவிக்குக் கேட்கும். ஆப்பிள் கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக் 1987இல் பல ரிமோட்டுகளின் பாஷையையும் படித்துக்கொள்ளும் ஒரு ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதற்கும் வாய்தான் கூடியது, காது முளைக்கவில்லை.

இந்தக் குறைக்கு நல்ல மருந்து தேடியது கனடாவில் பிறந்த ஹார்மனி என்ற ரிமோட். லொஜிடெக் கம்பனி 2004இல் அதை வாங்கிப் பெயர் பெறச் செய்தது. காது இல்லாவிட்டால் ஞாபகமாவது இருக்கட்டும் என்று, தான் கடைசியாக எதற்கு என்ன சொன்னேன் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். நினைவு பிழைத்துவிட்டால் உதவிப் பொத்தானை அழுத்தலாம். “ரீவி எரிகிறதா?” என்பது போல ஒவ்வொன்றாக உங்களிடமே கேட்டுத் திருத்திக்கொள்ளும். 2021இல் அந்தக் கம்பனி இனி இதைச் செய்வதில்லை என்று அறிவித்துவிட்டது. எங்காவது பழையது கிடைத்தால், அதைப் பழக்குவதற்குக் கம்பனியின் இன்டர்நெட் சேவை தேவை என்பதை அறிந்து வாங்குங்கள்.

நமக்கு ஞாபகமுள்ள ரிமோட் கிடைக்காவிட்டால் என்ன, ஞாபகம் தேவைப்படாதபடி வீட்டைச் சீர்செய்யலாம். நான் இரண்டாம் தரம் செய்தது அதுதான்.

ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்தேன். ஒவ்வொரு கருவியின் பெயர், கம்பனி, பின்பக்கத்தில் உள்ள மொடல் இலக்கம், எந்தத் துளையில் எந்த வயர் என்று எழுதினேன். பின்பக்கம் பார்க்க டோச் வேண்டும், கூட ஒரு பிள்ளையும் வேண்டும். பிறகு ஐந்து ரிமோட்டையும் கைப்பேசிக் கமராவுக்கு முன்னால் பிடித்து அழுத்திப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி, கமராத் திரையில் ஊதா நிறப் புள்ளியாக மினுங்கும். சில போன்களில் பின் கமரா காட்டாது, முகம் பார்க்கும் முன் கமராவில் பாருங்கள். ரிமோட் செத்துவிட்டதா, பற்றரி செத்துவிட்டதா என்று அறியவும் இதுவே வழி. கடைக்குக் கொண்டு ஓட வேண்டியதில்லை.

நான்கு மினுங்கின. ஐந்தாவது, அந்தக் குச்சியின் ரிமோட், மினுங்கவில்லை. அது பழுதல்ல. அது ஒளியால் பேசுவதில்லை, புளூடூத் என்ற வானொலி அலையால் பேசுகிறது. அமேசனின் ஃபயர் ரீவி குச்சியும் பிளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டியும் இந்தச் சாதி. சாதாரண யுனிவர்சல் ரிமோட் தலைகீழாக நின்றாலும் அவற்றோடு பேசாது. வாங்குமுன் இதைப் பார்க்காதவர்கள் வாங்கிய பின் கடைக்காரரோடு சண்டை பிடிப்பார்கள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் ரீவியும் அதன் கீழே ஒரு நீளமான சவுண்ட் பாரும் மட்டும்தான் என்றால் புது ரிமோட் வாங்கிச் சல்லியை வீணாக்காதீர்கள். எச்.டி.எம்.ஐ. வயருக்குள்ளேயே கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. சாம்சுங் அதை எனிநெட் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது. ரீவியின் செட்டிங்கில் அதைத் திறந்துவிட்டு, சவுண்ட் பார் வயரை ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் துளையில் செருகினால், ரீவியின் ரிமோட்டே பெரும்பாலும் இரண்டையும் ஆளும். பின்னால் செருகிய குச்சியும் அதற்குக் கட்டுப்படும். ராத்தா வீட்டுக் குச்சிக்கு நான் இந்த வழியைத்தான் வைத்தேன். ஆனால் நான்கைந்து பெட்டிகள், வேறு வேறு கம்பனிகள் என்று வரும்போது இந்தச் சம்பாஷணை அடிக்கடி குழம்பும். அப்போதுதான் யுனிவர்சல் ரிமோட்டின் தேவை.

இனிப் பாஷை கற்பிக்கும் வேலை. ரிமோட்டோடு வரும் சிறு புத்தகத்தில் கம்பனிப் பெயருக்கு எதிரே நான்கு இலக்கக் குறியீடுகள் இருக்கும். ஒரே கம்பனிக்குப் பத்துப் பதினைந்து கூட இருக்கும். ஒன்றைப் போட்டதும் ரீவி அணைந்துவிட்டால் வெற்றி என்று எழும்பி விடாதீர்கள். பலர் ஏமாறும் இடம் இது. சத்தம் கூட்டுவது, மெனு, இலக்கங்கள், திரும்பிப் போகும் பொத்தான் எல்லாவற்றையும் அழுத்திப் பாருங்கள். ஒன்று வேலை செய்யாவிட்டால் அடுத்த குறியீட்டுக்குப் போங்கள். சரியானதைக் கொப்பியில் எழுதுங்கள். வன் ஃபோர் ஓல் என்ற பெயரில் வரும் பழைய வகைகளில் மெஜிக் என்ற பொத்தானை விளக்கு இரண்டு தரம் மினுங்கும்வரை பிடித்து, பிறகு குறியீட்டை அடிக்க வேண்டும். மற்றவற்றில் முறை மாறும். சிறு புத்தகத்தை எறியாதீர்கள்.

பட்டியலில் இல்லாத கருவிக்கு, பழைய ரிமோட்டிடமிருந்தே புதியதைக் கற்க வைக்கலாம். வாங்கும்போது ‘லேர்னிங்’ உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு ரிமோட்டையும் மேசையில் தலைக்குத் தலை இரண்டு மூன்று விரலளவு இடைவெளியில் வைத்து, புதியதில் கற்க வேண்டிய பொத்தானை ஒரு தரம், பழையதில் சொல்ல வேண்டிய பொத்தானை ஒரு தரம் அழுத்துவது. டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், யன்னல் வெயிலும் விழ வேண்டாம். அந்த வெளிச்சங்களிலும் இந்தக் கதிர் கலந்திருப்பதால் பாடம் குழம்பும். இரண்டிலும் புதிய பற்றரி இருக்கட்டும். நான் பழைய பற்றரியோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

அடுத்தது சத்தம். ஹோம் தியேட்டர் வீடுகளில் பாதிக் குழப்பம் இதிலிருந்துதான். ரீவியின் சத்தத்தை ஒருவர் கூட்டுவார், எம்ப்ளிஃபயரை இன்னொருவர் கூட்டுவார், இரண்டும் சேர்ந்து எதிரொலி போலக் கேட்கும். ரீவியின் சொந்த ஸ்பீக்கரை அதன் செட்டிங்கில் அணைத்துவிடுங்கள். எந்தக் கருவியைப் பிடித்திருந்தாலும் சத்தப் பொத்தான் எம்ப்ளிஃபயருக்கே போகும்படி பூட்டிவிடுங்கள். பெரும்பாலான யுனிவர்சல் ரிமோட்டுகளில் அந்த வசதி உண்டு.

இப்போது அந்த ஒற்றைப் பொத்தான். இதில்தான் நான் முன்பு சறுக்கினேன். பவர் பொத்தான் என்பது ‘எரி’ என்றோ ‘அணை’ என்றோ சொல்வதில்லை, ‘இப்போது இருப்பதற்கு எதிராக மாறு’ என்றுதான் சொல்கிறது. அதை ஒற்றைப் பொத்தானுக்குள் வைப்பது கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தள்ளுவது போல. திறந்திருந்தால் மூடும், மூடியிருந்தால் திறக்கும். பல கருவிகள் ‘எரி’ என்று ஒரு சொல்லையும் ‘அணை’ என்று வேறொரு சொல்லையும் தனித்தனியே விளங்கிக்கொள்ளும், அவற்றின் ரிமோட்டில் அப்படி இரண்டு பொத்தான் இல்லாவிட்டாலும் கூட. ராத்தா வீட்டு எம்ப்ளிஃபயரின் ரிமோட்டை உற்றுப் பார்த்தால் மேலே இரண்டு தனிப் பொத்தான்கள் இருந்தன. அவற்றைப் புதியதற்குக் கற்பித்தேன். ரீவிக்குத் தனிச் சொல் கிடைக்கவில்லை. ஆனால் அணைந்திருக்கும்போது இலக்கப் பொத்தான் ஒன்றை அழுத்தினால் விழித்துக்கொள்ளும் ரீவிகள் உண்டு. அதுவும் அந்த இனம். எரியும்போது அழுத்தினாலும் அணையாது. அந்த இலக்கத்தையே ‘எரி’ என்ற சொல்லாக வைத்துக்கொண்டேன். அணைக்கும்போது மட்டும் ரீவியின் பவரைத் தனியாக அழுத்துவது என்று ஏற்பாடு. டிஷ் பெட்டியை வரிசையிலேயே சேர்க்கவில்லை. அது எரிந்தபடியே இருக்கட்டும், ஊர் போகும்போதும் இடி மின்னலின்போதும் சுவரில் அணைத்தால் போதும். கொஞ்சம் மின்சாரம் செலவாகத்தான் செய்யும். மாமியின் செய்திக்கு அது பெரிய விலையல்ல என்று நான் நினைத்தேன், ராத்தாவும் ஒப்புக்கொண்டார்.

கரண்ட் போய் வந்தால் சில கருவிகள் எரிந்தபடி எழும்பும், சில தூங்கியபடி எழும்பும். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய அந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். ‘மாறு’ என்ற சொல்லை நம்பி வரிசை போட்ட வீடுகளில் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் எல்லாம் தலைகீழாகியிருக்கும். ‘எரி’ என்ற சொல்லுக்கு அந்தப் பயம் இல்லை.

ரீவியில் எச்.டி.எம்.ஐ. ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றிச் சுற்றி மாற்றும் பொத்தானும் இதே வியாதிதான். எங்கிருந்து சுற்றுகிறோம் என்று ரிமோட்டுக்குத் தெரியாது. அதனால் எல்லாப் பெட்டிகளின் வயரையும் எம்ப்ளிஃபயருக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒரே ஒரு வயரை ரீவிக்குக் கொடுத்தேன். ரீவி எப்போதும் அந்த ஒரே துளையில் நிற்கும். டிஷ் வேண்டுமா, டிஸ்க் வேண்டுமா என்பதை எம்ப்ளிஃபயரே தெரியும், அதன் ரிமோட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொத்தான் உண்டு. வரிசையில் இந்தத் தெரிவைக் கடைசியில் வையுங்கள். எம்ப்ளிஃபயர் விழித்து நிதானத்துக்கு வரச் சில வினாடிகள் எடுக்கும், அதற்கு முன் சொன்னால் காதில் விழாது.

ரிமோட்டுகளை ஒதுக்கி வைக்கும்போது ஒரு வேலை கட்டாயம் செய்யுங்கள். சின்னச் சவுண்ட் பார், விளக்கு, ஃபேன் ரிமோட்டுகளில் காசு போலத் தட்டையான பற்றரி இருக்கும். அதைக் கழற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தை ஒன்று அதை விழுங்கித் தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே பாரதூரமாகச் சுட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், தானாக வெளியேறும் என்று காத்திருக்காதீர்கள். மற்ற ரிமோட்டுகளிலும் பற்றரியை எடுத்துவிட்டு பிஸ்கட் தகரத்தில் போட்டு வையுங்கள், எறிய வேண்டாம். புதியது மறந்துவிட்டால் மறுபடி கற்பிக்க அவைதான் ஆசிரியர்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில், குறியீடுகளுக்குக் கீழே, மாமிக்காகப் பெரிய எழுத்தில் நான்கு வரி எழுதினேன். செய்திப் பொத்தானில் ஒரு சொட்டுப் பசை வைத்துக் காய விட்டேன், கண் மங்கினாலும் விரலுக்குத் தெரியும். எம்ப்ளிஃபயரை மட்டும் எழுப்பும் பொத்தானில் இரண்டு சொட்டு. அழுத்தியதும் ரிமோட்டைக் கீழே வைக்காமல் ரீவியை நோக்கிப் பிடித்தபடி பத்து எண்ண வேண்டும், சொல் எல்லாம் சொல்லி முடிய அவ்வளவு நேரம் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

“இத அமத்தினா உடையாதே?”

“உடையாது மாமி. நூறு தரம் அமத்தினாலும் உடையாது.”

அழுத்தினார். கையை நீட்டிப் பிடித்தபடி, “ஒண்டு, ரெண்டு, மூணு” என்று வாய்விட்டு எண்ணினார். ரீவி வந்தது, படம் வந்தது, வாசிப்பவரின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. நான் எழும்பப் போனேன். மாமி என்னைப் பார்க்கவில்லை. எம்ப்ளிஃபயருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த பேரனைப் பார்த்து, “மகன், கொஞ்சம் அங்கால நில்லுங்க” என்றார். விரலால் தடவி இரண்டு சொட்டுப் பொத்தானைத் தேடி அழுத்தினார்.

எட்டே காலுக்கு டோஹாவிலிருந்து கோல் வந்தது. செய்தி முடியும்வரை மாமி பேச வரவில்லை.